தூரத்துப் பங்காளி

விவிலியம் 'கலிலேயாக் கடல்' என்று சொல்லும் இடத்தில் இருப்பது கடல் அல்ல, நன்னீர் ஏரி. இஸ்ரேலின் வடக்கே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் தாழ்வான ஒரு பள்ளத்தாக்கில் அது கிடக்கிறது. ஹீப்ரு மொழியில் அதன் பெயர் கின்னரெத். பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்த மீனின் வாயில் வரி கட்டுவதற்கான காசு இருந்தது என்ற கதை இந்த ஏரிக்கரையில்தான் நடக்கிறது. அந்தக் கதையால் இவ்வேரியின் திலாப்பியாவுக்குப் 'பேதுரு மீன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. முட்டையையும் பொரித்த குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன் அது.

அந்த ஏரியில் மீன்பாடு சில ஆண்டுகளாகவே சரிந்துகொண்டு வந்தது. 2009 கோடையில் இஸ்ரேலின் வளர்ப்புக் குளங்களிலும் திலாப்பியா கூட்டங்கூட்டமாகச் சாகத் தொடங்கியது. மேல் கறுத்து, தோல் அரித்து, இரை எடுக்காமல் சோம்பிக் கிடக்கும். விழிவில்லை பால்போல மங்கிவிடும். சில நாளில் செத்து மிதக்கும். அதே குளத்தில், அதே நீரில் வளர்ந்த சாதாக் கெண்டைக்கும் மடவைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கெட்டிருந்தாலோ நீரில் ஆக்சிஜன் குறைந்திருந்தாலோ எல்லா மீனும் தவித்திருக்கும். ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் தேடிப்போய்த் தாக்குகிறது என்றால், அது ஏதோ ஒரு கிருமியின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. அது யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்க அதைவிட அதிக காலம் ஆனது. இந்த அத்தியாயம் அந்த உறவைத் தேடிய கதை. வைரஸ்களுக்குக் குலமும் கோத்திரமும் வகுப்பது பட்டியல் போடும் வேலை அல்ல, ஓர் உயிர்ப்பொருளைப் புரிந்துகொள்ளும் வழி என்பதை இதைப்போல எளிதாகக் காட்டும் கதை எனக்கு வேறு தெரியாது.

விராலின் செல்களில் வளர்ந்தது

வைரஸைத் தனியாக வளர்க்க முடியாது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். இஸ்ரேலின் கிம்ரோன் கால்நடை மருத்துவ நிறுவனத்தில் அவி எல்டாரும், டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் எரான் பகராக்கும், அவர்களுடைய குழுவினரும் நோயுற்ற மீன்களின் திசுவை அரைத்து, வடிகட்டி, ஆய்வகத்தில் வளரும் மீன் செல்களின் மேல் விட்டார்கள். அவற்றில் ஒரு செல் வகை நமக்கு வேண்டப்பட்ட மீனிலிருந்து வந்தது. நம் கண்மாய்களிலும் குளங்களிலும் பிடிபடும் விராலின் குஞ்சுகளிலிருந்து எடுத்து, பல ஆண்டுகளாக ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டுவரும் செல்கள் அவை. மீன் வைரஸ்கள் பலவும் அவற்றில் நன்றாகப் பெருகும் என்பதால் உலகெங்கும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

சில நாளில் அந்தச் செல்கள் சுருங்கி, உள்ளே குமிழிகள் தோன்றி, தட்டிலிருந்து கழன்று விழுந்தன. அந்தத் திரவத்தை நலமான திலாப்பியாவுக்கு ஊசியில் ஏற்றியபோது 75 முதல் 85 சதவீதம் மீன்கள் செத்தன. நோயுற்ற மீனோடு நலமான மீனை ஒரே தொட்டியில் விட்டாலே போதும், நோய் தொற்றியது. பிழைத்த மீன்களுக்கு மறுபடி வைரஸைக் கொடுத்தபோது அவை தாங்கி நின்றன. அந்த மீன்களின் உடல் இந்த வைரஸை நினைவில் வைத்திருந்தது. பிற்காலத்தில் தடுப்பூசிக்கான நம்பிக்கை இங்கிருந்துதான் முளைத்தது.

வைரஸின் உருவம் பற்றியும் சில செய்திகள் கிடைத்தன. மின்னணு நுண்ணோக்கியில் 55 முதல் 75 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் தெரிந்தன. ஈதரிலும் குளோரோஃபார்மிலும் கலந்தால் வைரஸ் செயலிழந்தது. இவ்விரண்டும் கொழுப்பைக் கரைப்பவை. ஆகவே இந்த வைரஸ் கொழுப்பால் ஆன உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது என்பது உறுதியானது.

அடுத்து, அதன் மரபுப்பொருளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அது ஆர்என்ஏ. முதலில் கிடைத்த துண்டை உலகின் மரபுத் தரவுத்தளங்களில் தேடியபோது எந்த உயிரின் எந்தப் புரதத்துடனும் அது பொருந்தவில்லை. 2014-இல் குழு தன் முடிவுகளை வெளியிட்டபோது நோயைச் செய்வது இன்ன வைரஸ் என்று காட்ட முடிந்தது. அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. ஏரியின் நினைவாகத் 'திலாப்பியா ஏரி வைரஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

மூளையில் ஒரு நோய், ஈரலில் ஒரு நோய்

அதே 2014-இல் உலகின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் பண்ணைகளில் 2011, 2012 ஆண்டுகளில் திலாப்பியாக் குஞ்சுகள் பெருமளவில் செத்திருந்தன. அங்கே நோய்க்கூற்று வல்லுநர்கள் கண்டது வேறு காட்சி. கெட்டது ஈரல். ஈரலின் செல்கள் பல ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, ஒரே உடலுக்குள் பல உட்கருக்கள் கொண்ட பூதச் செல்களாகிக் கிடந்தன. அவர்கள் அதை ஈரல் அழற்சி நோய் என்றே பெயரிட்டு விவரித்தார்கள்.

இஸ்ரேலில் மூளையும் கண்ணும் பாதிக்கப்பட்டன, ஈக்வடாரில் ஈரல் பாதிக்கப்பட்டது. நோயின் தோற்றத்தை மட்டும் வைத்து வகை பிரித்திருந்தால் இவை இரண்டும் இரண்டு அத்தியாயங்களில் இருந்திருக்கும். மரபுச் செய்தியை ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே வைரஸ் என்று தெரிந்தது. காய்ச்சல், கறுப்பு, வீக்கம் என்று நோய்க்குறிகளை வைத்துக் கிருமிகளை அடையாளம் காண்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது ஒரு பாடம்.

குறளின் சீர்களும் வைரஸின் எழுத்துகளும்

2016-இல் பகராக், எல்டார் குழுவினர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள இயன் லிப்கின் குழுவோடு சேர்ந்து வைரஸின் முழு மரபுத்தொகுதியையும் படித்து முடித்தார்கள். மொத்தம் 10,323 எழுத்துகள். திருக்குறளில் 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9310 சீர்கள். ஏறத்தாழ அத்தனை எண்ணிக்கையிலான எழுத்துகளுக்குள், நான்கே நான்கு எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, ஒரு மீனைக் கொல்லும் முழுக் குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் குறிப்பு ஒரே நாடாவில் இல்லை. பத்துத் துண்டுகளாக இருக்கிறது. மிகப் பெரிய துண்டில் 1641 எழுத்துகள், மிகச் சிறியதில் 465. இந்தத் துண்டு துண்டான அமைப்பு ஒரு குடும்பத்தை நினைவுபடுத்தும். மனிதருக்கு ஃப்ளூ காய்ச்சல் தரும் இன்ஃப்ளுயென்சா ஏ வைரஸுக்கு எட்டுத் துண்டுகள். 1984-இல் நார்வேயின் சால்மன் பண்ணைகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2007-இல் சிலி நாட்டின் சால்மன் வளர்ப்பையே குலைத்த இரத்தசோகை வைரஸுக்கும் எட்டுத் துண்டுகள். அது இன்ஃப்ளுயென்சாவின் குடும்பத்துக்குள்ளேயே சேர்ந்த மீன் வைரஸ். அப்படியானால் பத்துத் துண்டுள்ள இதுவும் அதே வீடுதானா?

பத்துத் துண்டுகளையும் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒன்பது துண்டுகள் எதனோடும் பொருந்தவில்லை. முதல் துண்டு மட்டும் இன்ஃப்ளுயென்சா சி வைரஸின் ஒரு புரதத்தை மெல்ல நினைவூட்டியது. அந்தப் பொருத்தமும் 17 சதவீதம்தான், அதுவும் துண்டின் ஒரு பகுதியில் மட்டும். அவ்வளவு சிறிய பொருத்தத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட இடம் உண்டு.

தள்ளவிடாமல் தடுத்தது துண்டுகளின் முனைகள். பத்துத் துண்டுகளும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிந்தன. பத்துச் செய்யுள்கள் ஒரே மோனையில் தொடங்கி ஒரே இயைபில் முடிந்தால், அவற்றைப் பாடியவர் ஒருவர்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மேலும், ஒவ்வொரு துண்டிலும் தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பிணையக்கூடிய இணைகளாக இருந்தன. இப்படி முனைகளைப் பிணைத்துக்கொள்வது இன்ஃப்ளுயென்சா குடும்பத்தின் பழக்கம். முதல் துண்டின் மங்கலான பொருத்தத்துக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்தது.

முத்திரையும் கையும்

முதல் துண்டில் மட்டும் ஏன் உறவின் சுவடு மிஞ்சியது? இதற்கு விடை வைரஸின் வாழ்க்கை முறையில் இருக்கிறது.

அலுவலக ரப்பர் முத்திரை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். மையில் தொட்டுத் தாளில் அழுத்தினால்தான் படிக்க முடியும். இந்த வைரஸின் ஆர்என்ஏவும் முத்திரை போன்றது. அதை மீனின் செல்லால் நேரடியாகப் படிக்க முடியாது. அதற்கு எதிரிணையான நகல் ஒன்று பதிந்து வந்தால்தான் செல் அதைப் படித்துப் புரதம் செய்யும். அந்த நகலைப் பதிக்கும் இயந்திரம் மீனின் செல்லில் கிடையாது. ஆகவே வைரஸ் தன் முத்திரையோடு, முத்திரை குத்தும் கையையும் சேர்த்தே எடுத்துவர வேண்டும். அந்தக் கைதான் பாலிமரேஸ் என்னும் புரதத் தொகுதி. முதல் துண்டு எழுதுவது அதன் மையப் பகுதியை.

வைரஸின் மற்றப் புரதங்கள் மாறலாம். உறையின் மேல் இருப்பவை மீனின் நோய் எதிர்ப்பிலிருந்து தப்ப மாறிக்கொண்டே இருக்கும். நகலெடுக்கும் இயந்திரத்தின் நடுப்பகுதியில் கண்டபடி மாற்றம் வந்தாலோ நகலெடுப்பு நின்றுவிடும், அத்தோடு வம்சமும் முடிந்துவிடும். அதனால்தான் ஆர்என்ஏ வைரஸ்களின் குலத்தைத் தேடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் பாலிமரேஸிடம் வந்து நிற்கிறார்கள். எண்ண முடியாத தலைமுறைகள் கடந்த பின்னும் அங்கே முன்னோரின் கையெழுத்து கொஞ்சம் அழியாமல் இருக்கும்.

பெயர் சூட்டல்

வைரஸ்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் குழு இதற்கு முதலில் ஒரு பேரினத்தை மட்டும் உண்டாக்கியது. பெயர், திலாப்பைன்வைரஸ். எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல் தனியே விட்டது. அந்தத் தயக்கம் நேர்மையானது. சான்று இருக்கும் அளவுக்குத்தான் உறவு சொல்ல வேண்டும்.

பிறகு சான்றுகளை எடைபோட்டு, அதற்கென்றே ஒரு குடும்பத்தை அமைத்தார்கள். திலாப்பியாவுக்கு ஹீப்ருவில் 'அம்னூன்' என்று பெயர். அதைக்கொண்டு குடும்பத்துக்கு அம்னூன்விரிடே என்று பெயரிட்டார்கள். இந்தக் குடும்பத்தையும் இன்ஃப்ளுயென்சாவின் குடும்பமான ஆர்த்தோமிக்ஸோவிரிடேயையும் ஒரே வரிசைக்குள் வைத்தார்கள். அந்த வரிசையின் பெயர் ஆர்ட்டிகுலாவிரேல்ஸ். துண்டுகளால் இணைந்தது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சால்மன் இரத்தசோகை வைரஸும் இன்ஃப்ளுயென்சாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். திலாப்பியா வைரஸ் தூரத்துப் பங்காளி. வீடு வேறு, குலதெய்வம் ஒன்று.

எழுத்து மறைந்தாலும் ஜாடை மறையாது

ஆனாலும் ஒரு குறை இருந்தது. இன்ஃப்ளுயென்சாவின் பாலிமரேஸ் மூன்று புரதங்கள் சேர்ந்த இயந்திரம். திலாப்பியா வைரஸில் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் ஒப்புமை தெரிந்தது. மற்ற இரண்டும் எங்கே?

பல தலைமுறை கடந்த சொந்தக்காரர்களை நாம் எப்படிக் கண்டுகொள்கிறோம்? பெயரை வைத்து அல்ல. கல்யாண வீட்டில் ஒரு கிழவி, முன்பின் பார்த்திராத இளைஞனின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, 'இது அவங்க தாத்தா ஜாடை' என்று சொல்லிவிடுவாள். புரதங்களுக்கும் ஜாடை உண்டு. புரதத்தின் எழுத்துக் கோவை மாறிக்கொண்டே போனாலும், அது மடிந்து எடுக்கும் முப்பரிமாண வடிவம் மிக மெதுவாகத்தான் மாறும். வேலையைச் செய்வது வடிவம்தானே!

பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஸ்டீபன் குசாக்கின் குழு இந்த ஜாடையைத் தேடியது. வைரஸின் முதல் மூன்று துண்டுகள் எழுதும் புரதங்களைச் சேர்த்து, உறைகுளிரில் வைத்து மின்னணு நுண்ணோக்கியால் அவற்றின் வடிவத்தை நுணுக்கமாகப் படமெடுத்தது. 2023-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. அந்த மூன்று புரதங்களும் சேர்ந்து ஒரே இயந்திரம் ஆகின்றன. இன்ஃப்ளுயென்சாவின் பாலிமரேஸில் உள்ள பகுதிகள் எல்லாம் இதிலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இரண்டாம், மூன்றாம் துண்டுகளின் எழுத்துகளில் கண்டுகொள்ள முடியாத உறவு, வடிவத்தில் அப்படியே நின்றது. அளவு மட்டும் 40 சதவீதம் குறைவு.

சுருங்கியதில் ஒரு வித்தியாசமும் தெரிந்தது. இன்ஃப்ளுயென்சா வைரஸுக்கு ஒரு திருட்டுப் பழக்கம் உண்டு. செல்லின் சொந்த ஆர்என்ஏக்களின் தலையில் ஒரு வேதிக் குல்லாய் இருக்கும். வைரஸ் அந்தத் தலையை வெட்டி எடுத்துத் தன் நகலுக்குச் சூட்டிக்கொள்ளும். குல்லாயைப் பார்த்த செல், வைரஸின் செய்தியைத் தன் செய்தி என்றே நம்பிப் புரதம் செய்து கொடுக்கும். திலாப்பியா வைரஸின் இயந்திரத்தில் வெட்டும் பகுதி மிகவும் குறுகி, வேலை செய்யாததுபோல் இருக்கிறது. குல்லாயைப் பிடிக்கும் பகுதியும் மூடிக் கிடக்கிறது. மூதாதையின் கருவிகள் வீட்டில் இருக்கின்றன, பயன்பாடு மாறியிருக்கிறது. இந்த வைரஸ் தன் செய்தியைச் செல்லிடம் எப்படிச் சேர்க்கிறது என்பது ஆய்வாளர்கள் முன் இன்றும் திறந்திருக்கும் கேள்வி.

குடும்பமும் இப்போது தனிமையில் இல்லை. காட்டுயிர்களின் ஆர்என்ஏவை மொத்தமாகப் படிக்கும் ஆய்வுகளில், ஆஸ்திரேலியாவின் ஒரு பல்லி இனத்திலும் சில கடல் மீன்களிலும் இதன் உறவினர்களின் சுவடுகள் 2020-இல் கிடைத்தன. நோயைத் தேடிப் போனதால் பண்ணைக் குளத்தில் ஒன்று கண்ணில் பட்டது. இந்தக் குலம் அதற்கு வெளியேயும் பரவிக் கிடக்கிறது.

குஞ்சுப் பையில் பயணம்

திலாப்பியா நமக்கு அந்நிய மீன் அல்ல. மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஜிலேபி கெண்டை என்று நம் சந்தைகள் அதற்குத் தமிழ்ப் பெயரும் வைத்துவிட்டன. இன்று பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் அதைவிட விரைவாக எடைபோடும் நைல் திலாப்பியா. தழையும் தவிடும் தின்று வளரும், நெருக்கடி தாங்கும், முள் குறைவு, விலையும் குறைவு. ஐநாவின் உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 2015-இல் உலகில் கிடைத்த திலாப்பியா 64 லட்சம் டன். ஏழை வீட்டுக் குழம்புக்குப் புரதம் தரும் மீன் இது. அதனால்தான் 2017 மே மாதத்தில் அந்த அமைப்பு இந்த வைரஸைப் பற்றி உலகுக்குச் சிறப்பு எச்சரிக்கை விடுத்தது. மனிதருக்கு இந்த வைரஸால் தீங்கில்லை என்பதையும், தீங்கு உணவுக்கும் பிழைப்புக்கும்தான் என்பதையும் சேர்த்தே சொன்னது.

அதற்குள் வைரஸ் வெகுதூரம் போயிருந்தது. தாய்லாந்தில் மிதவைக் கூண்டுகளில் விட்ட குஞ்சுகள் ஒரு மாதத்துக்குள் செத்துக்கொண்டிருந்தன. அங்கே பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, 2012-லேயே குஞ்சு பொரிப்பகங்களில் வைரஸ் இருந்தது தெரிந்தது. பொரிப்பகத்துக் குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் நாடு நாடாகப் போகின்றன. தாய் மீனிடமிருந்து குஞ்சுக்கும் வைரஸ் கடக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2018-இல் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் பண்ணை மீன்கள் செத்தபோது இந்தியாவிலும் இந்த வைரஸ் உறுதி செய்யப்பட்டது.

வகைப்பாடு கைகொடுப்பது இங்கேதான். கொழுப்பு உறை உள்ள வைரஸ் என்று தெரிந்ததால், பிளீச்சிங் பவுடரும் அயோடினும் வலைகளிலும் தொட்டிகளிலும் அதை அழிக்கும் என்று எதிர்பார்க்கலாம். சோதனைகளும் அதை உறுதிப்படுத்தின. ஆர்என்ஏ வைரஸ் என்பதால், கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிய அதே ஆர்டி-பிசிஆர் சோதனை மீனுக்கும் பயன்படுகிறது. துண்டு மரபுள்ள குலம் என்பதால் இன்னோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஒரே மீனில் இரண்டு வகை வைரஸ்கள் சேர்ந்து தொற்றினால், சீட்டுக்கட்டுகள் இரண்டைக் கலந்ததுபோல் துண்டுகள் கலந்து புதிய வகை பிறக்கலாம். இன்ஃப்ளுயென்சா இப்படித்தான் புதிய கொள்ளை நோய்களை உண்டாக்குகிறது. வங்கதேசத்தில் கிடைத்த வைரஸைத் துண்டு துண்டாக ஒப்பிட்டபோது, ஒரு துண்டு காட்டிய குலமரம் ஒன்றாகவும் மற்றொன்று காட்டியது வேறாகவும் இருந்தது. ஒரே துண்டை மட்டும் பார்த்து வைரஸ் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொன்னால் தவறிவிடும்.

நோய் வந்த மீனுக்கு இன்று மருந்து இல்லை. தடுப்பூசி ஆய்வுகள் நடக்கின்றன. பிழைத்த மீன் மறுபடி தாக்குப்பிடிக்கிறது என்ற அந்த முதல் சோதனையை நம்பித்தான் அவை நடக்கின்றன. அதுவரை குளத்துக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குஞ்சு வாங்கும்போது, தாய் மீன்களுக்குச் சோதனை நடந்ததா என்று பொரிப்பகத்தில் கேட்க வேண்டும். வாங்கி வந்ததை நேரே பெரிய குளத்தில் கொட்டாமல், தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் கறுத்து ஒதுங்கும் மீன் ஒன்று தென்பட்டாலும் மீன்வளத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

கின்னரெத் ஏரியில் மீன் செத்து மிதந்தபோது அதைக் கொன்றது எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. இன்று நம் ஊரில் பையை அவிழ்த்துக் குஞ்சை நீரில் விடுகிற ஒருவருக்கு அதன் பெயர் தெரியும், குலம் தெரியும், எதற்கு அஞ்சும், எந்த வழியில் வரும் என்பதும் தெரியும். 17 சதவீதப் பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தவர்கள் அவருக்குக் கொடுத்தது அது.